பீரோவின் ஐம்பத்து நாலாவது ஆட்டம்

அவளுக்குப் பீரோ என்று பெயர் வைத்தது எதிரணிக்காரர்கள் இல்லை. அண்ணனுடைய லாரியில் சாமான் ஏற்றி இறக்கும் ஆட்கள்தான். வீடு மாற்றிக் கொடுக்கிற கம்பெனி அது. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு லாரி, கிழிந்த கம்பளிகள், ஒரு கட்டுக் கயிறு, இரண்டு ஆட்கள், போன் எடுக்க அண்ணன், ஆட்களால் முடியாததைத் தூக்கத் தங்கச்சி. அவ்வளவுதான் கம்பெனி.

ஒரு நாள் மூன்றாம் மாடி வீடு ஒன்று வந்தது. லிஃப்ட் கிடையாது. இரும்பு பீரோ மாடிப்படித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. ஆட்கள் மேலே இழுத்துப் பார்த்தார்கள், கீழே தள்ளிப் பார்த்தார்கள், பீரோவைச் செய்தவனின் பரம்பரையையே திட்டிப் பார்த்தார்கள். ம்ஹூம். கடைசியில் தங்கச்சி, "கொஞ்சம் நகருங்க" என்று சொல்லி அடியில் நுழைந்தாள். தோளைக் கொடுத்தாள், இடுப்பை இறக்கினாள், எழுந்தாள். பீரோ அவளோடு சேர்ந்து எழுந்தது. மேல்படியில் வீட்டுக்காரப் பெண் வாயில் வைத்த பிஸ்கட்டைக் கடிக்க மறந்து நின்றுகொண்டிருந்தாள்.

"நீங்க ரக்பி ஆடுவீங்களா?" என்று கேட்டாள் அவள்.

"அது என்னங்க, டான்ஸா?"

அந்த வீட்டுக்காரிதான் மின்னல். நாட்டின் பெண்கள் ரக்பி அணியில் ஓரத்தில் ஓடுகிறவள், எதிரணிக்கு முதுகை மட்டுமே காட்டுகிறவள். இருவருக்கும் ஒரே வயது என்பதால் ஒரே வாரத்தில் 'வாங்க போங்க' போய் 'வாடி போடி' ஆகிவிட்டது. "மத்தவங்களையெல்லாம் திறமையைப் பார்த்து டீமுக்கு எடுத்தாங்க. என்னை மட்டும் வீட்டுச் சாமானோட சேர்த்து எடுத்துட்டுப் போனாங்க" என்று பீரோ பிற்காலத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கேட்டவர்கள் சிரித்தார்கள். தன்னைத் தானே வாரிக்கொள்வதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அடுத்தவர் வாருவதற்கு முன்னால் நாமே வாரிவிட்டால் வலிக்காது என்பது அவள் கணக்கு.

அவளுக்குக் கிடைத்த இடம் அப்படி. ரக்பியில் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. இரண்டு அணியிலும் எட்டெட்டுப் பேர் குனிந்து, ஒருவரை ஒருவர் இறுகப் பிடித்து, எதிராளியின் தோளுக்கும் கழுத்துக்கும் இடையில் தலையைச் சொருகி, நடுவில் உருட்டிவிடுகிற பந்துக்காகத் தள்ளுவார்கள். முன்வரிசையில் மூன்று பேர். அதில் வலது ஓரத்தில் முட்டுக்கொடுத்து நிற்கிறவளுக்கு முன்னாலும் இடி, பின்னாலும் இடி. முன்னால் எதிராட்கள், பின்னால் சொந்த ஆட்கள். அந்த இடத்தைப் பீரோவுக்குக் கொடுத்தார்கள். அவளிடமிருந்து அதைப் பிடுங்க யாரும் வரவில்லை.

பந்தை அவள் பார்த்ததே அபூர்வம். தலை எப்போதும் யாருடைய அக்குளிலாவது இருக்கும். ஒருமுறை தவறிப்போய்ப் பந்து கைக்கு வந்துவிட்டது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்தில் மரியாதையான ஆளாகத் தெரிந்த நடுவரிடம் கொடுத்துவிட்டாள். நடுவரும் வாங்கிக்கொண்டார். கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பதுதான் ஆட்டத்தின் நோக்கம் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன, ஒருமுறைகூட எடுத்ததில்லை.

அப்படிப்பட்டவள் எப்படி நாட்டிலேயே அதிக ஆட்டம் ஆடியவள் ஆனாள் என்று கேட்டால், மற்றவர்களுக்கு வேறு வேலை இருந்தது, அவ்வளவுதான். ஒருத்திக்குக் கல்யாணம், ஒருத்திக்குப் பிரசவம், ஒருத்திக்கு வெளிநாட்டில் வேலை. மின்னலுக்குத் தோள் இறங்கிவிட்டது. ஐம்பத்து மூன்று ஆட்டம் என்ற ரெக்கார்டோடு அவள் மைதானத்தை விட்டு வெளியே வந்து கோச் ஆனாள். பீரோ மட்டும் போகவில்லை. வாராவாரம் பயிற்சிக்கு லாரியிலேயே வந்தாள். வந்தவளை எதற்கு அனுப்புவானேன் என்று அணியில் போட்டார்கள். இது அவள் சொல்கிற வரலாறு. உண்மையில் அந்த இடத்தில் நின்று தாங்குகிற கழுத்து நாட்டில் வேறு யாருக்கும் இல்லை என்று மின்னல் சொல்வாள். பீரோ அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

ரெக்கார்டைத் தொடுகிற நேரத்தில் பத்திரிகைக்காரர் ஒருவர் பேட்டி எடுக்க வந்தார். அவள் அப்போது ஒரு வாஷிங் மெஷினைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"உங்க வாழ்க்கையில மறக்க முடியாத ஆட்டம் எது?"

"பஸ் சரியான நேரத்துக்கு வந்த ஆட்டம்."

"இல்ல, சீரியஸா..."

"சீரியஸாத்தான் சொல்றேன். சாதனைன்னு பெரிசா எழுதிடாதீங்க. விளையாட்டுல ஒப்புக்குச் சப்பாணின்னு ஒரு ஆள் இருக்கும்ல, அது ரொம்ப நாள் வீட்டுக்குப் போகாம நின்னுடுச்சுன்னு எழுதுங்க."

மறக்க முடியாத ஆட்டம் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதை அவள் அவரிடம் சொல்லவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம். வென்றால் பெரிய கோப்பைக்குப் போகலாம். நாட்டின் பெண்கள் அணி அதுவரை போனதே கிடையாது. ஜெயிக்கிற நிலையில்தான் இருந்தார்கள். கடைசி நேரத்தில் சொந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்க்ரம். எதிரணி தள்ளியது. வலது ஓரம் உடைந்தது. உடைந்த ஓரத்தின் மேலேயே ஏறிப் போய்ப் பந்தை வைத்துவிட்டார்கள். "எட்டுப் பேரும் சேர்ந்துதானே தள்ளினோம், உன் தப்பு இல்லடி" என்று எல்லோரும் சொன்னார்கள். மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. பீரோ மல்லாக்க, வாயில் சேற்றோடு. அண்ணன் லாரிக் கண்ணாடியில் அதை ஒட்டி வைத்தான், தங்கச்சி படம் வந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில். அவளும் வருகிறவர்களிடமெல்லாம் காட்டிச் சிரித்தாள். வீட்டில் பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுததை மட்டும் சொல்லவில்லை.

இந்த வருஷம் மறுபடி அதே தகுதிச் சுற்று, அதே கடைசி ஆட்டம், இந்தமுறை சொந்த மைதானத்தில். பீரோவின் ஐம்பத்து நாலாவது. அதோடு ஓய்வு பெறுவதாக அவளே சொல்லிவிட்டாள். முட்டி இரண்டும் படியிறங்கும்போது பேச ஆரம்பித்துவிட்டன. அவளுக்குப் பதிலாக ஒருத்தி தயாராகவும் இருந்தாள். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பெண், எல்லோருக்கும் நர்ஸ். இளசு, பலசாலி. பீரோவைவிட நன்றாகவே ஆடுவாள்.

"முதல்ல நீ இறங்கு. ரெக்கார்டு உடையட்டும். பாதிக்கு மேல நர்ஸை இறக்கறேன்" என்றாள் மின்னல். "ஓடுறவ எவளாவது என் ரெக்கார்டை உடைச்சிருந்தா வயிறு எரிஞ்சிருக்கும். நீ உடைக்கிறதைப் பார்த்தா சிரிப்புதான் வருது."

"எனக்கும்தான். சீக்கிரம் இறக்கிடு, நான் நின்னு கெடுக்கறதுக்குள்ள."

பீரோவுக்கு ஒரே ஒரு பயம்தான். மறுபடியும் தன்னால் தோற்கக் கூடாது. ரெக்கார்டு கிடக்கட்டும், அது நாலு பேர் பேசி மறந்துவிடுகிற விஷயம். இந்தப் பெண்கள் இரண்டு வருஷமாக வேலையும் பார்த்து, பிள்ளையும் பார்த்து, மழையிலும் வெயிலிலும் வந்து ஓடியிருக்கிறார்கள். அதைத் தன் ஓரம் இன்னொரு முறை உடைந்து பாழாக்கிவிடக் கூடாது.

ஆட்டத்தன்று அண்ணன் முதல் தடவையாகப் பார்க்க வந்தான், ஆட்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு. "பாப்பா, நீ எந்தப் பக்கம் நிப்பே?" என்று கேட்டான். வீட்டில் அவளுக்கு இன்னும் பாப்பாதான்.

"எது கீழ கிடக்குதோ அதுதான் நான்."

அவள் சொன்ன மாதிரி ஒன்றும் ஆகவில்லை. முதல் பாதி நன்றாகவே போனது. அதற்கப்புறம் கொஞ்ச நேரத்தில் மின்னல் கையைத் தூக்கினாள். பீரோ வெளியே வந்தாள், நர்ஸ் உள்ளே போனாள். கூட்டம் எழுந்து கை தட்டியது. இதோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் விளையாட்டுத் துறை அதிகாரிக்கு இன்னொரு விழா இருந்ததாம், கிளம்ப வேண்டுமாம். அதனால் ஆட்டம் ஒரு பக்கம் நடக்க, மைதானத்து ஓரத்திலேயே வழியனுப்பு விழாவைத் தொடங்கிவிட்டார்கள். பூங்கொத்து கொடுத்தார்கள். கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். அதிகாரி மைக்கைப் பிடித்து, "ஹாக்கிக்காகத் தன் வாழ்வையே அர்ப்பணித்த இந்த வீராங்கனை" என்று ஆரம்பித்தார். மின்னல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பீரோவுக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை. இத்தனை வருஷம் ஆடியது எது என்று அவளுக்கே சந்தேகம்தான்.

அந்த அணியில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி ஆட்டம் முடித்தவள் பூட்ஸின் கயிறுகளை ஒன்றோடொன்று முடிந்து, மைதானத்துச் சாமான் அறையின் தகரக் கூரைமேல் வீசிவிட வேண்டும். திரும்பி வர மாட்டேன் என்பதற்கு அத்தாட்சி. மழையில் நைந்த பூட்ஸ்கள் அங்கே வரிசையாகக் கிடக்கும், மின்னலுடையதும் கிடக்கிறது. அதிகாரி கிளம்பும் அவசரத்தில் அதையும் அப்போதே செய்யச் சொல்லிவிட்டார்கள். பீரோ பலமாக முடிச்சுப் போட்டு வீசினாள். தூக்குவதில்தான் கெட்டி, வீசுவதில் இல்லை. இருந்தும் பூட்ஸ் போய்க் கூரையின் நட்டநடுவில் விழுந்தது. போட்டோ எடுத்தார்கள். அதிகாரியின் கார் கிளம்பியது. பீரோ வெறுங்காலோடு பெஞ்சில் உட்கார்ந்து முட்டியில் ஐஸ் கட்டிக்கொண்டாள்.

இந்தக் கூத்தில் எல்லோரும் ஒரு சட்டத்தை மறந்துவிட்டார்கள். முன்வரிசை ஆபத்தான இடம். கழுத்து போய்விடும். அதனால் பழகிய ஆட்கள்தான் அங்கே நிற்கலாம். அவர்களில் ஒருத்திக்கு அடிபட்டால், வெளியே போன பழகிய ஆள் திரும்ப உள்ளே வரலாம். அப்படி ஆளே இல்லையென்றால் தள்ளாமல் பேருக்கு ஸ்க்ரம் போடுவார்கள், அதற்கு அபராதமாக அந்த அணி ஒரு ஆள் குறைவாக ஆட வேண்டும். மின்னல் வாழ்நாளெல்லாம் ஓரத்தில் ஓடியவள், அவளுக்கு இது எங்கே நினைவிருக்கும். பீரோவுக்கு மனப்பாடமாகத் தெரியும். பூங்கொத்து வாங்கிய மிதப்பில் அவளும் மறந்திருந்தாள்.

ஆட்டம் முடியப் போகிற நேரம் நர்ஸ் கீழே விழுந்தாள், எழவில்லை. தோள்பட்டை எலும்பு போய்விட்டது. என்ன ஆயிற்று என்பதை மற்றவர்கள் பார்த்துச் சொல்வதற்குள் அவளே சொல்லிவிட்டாள். அவள் கை நழுவிய பந்தால் எதிரணிக்கு ஒரு ஸ்க்ரம் கிடைத்தது, நம் கோட்டுக்கு வெகு பக்கத்தில். நாம் இரண்டே புள்ளி முன்னால். முன்வரிசைக்குப் பழகிய மாற்று ஆள் இன்னொருத்தி முதல் பாதியிலேயே நொண்டிக்கொண்டு போயிருந்தாள். நடுவர் பெஞ்சைப் பார்த்தார். பெஞ்சில் பீரோ, மடியில் பூங்கொத்து.

அவள் பூங்கொத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மின்னல் ஓடி வந்து அவள் முன்னால் குந்தினாள். முகம் வெளிறியிருந்தது.

"என் தப்புடி. சட்டம் மறந்துபோச்சு. முட்டி எப்படி இருக்கு?"

"பேசிட்டு இருக்கு."

"முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லு. ஐஸ் கட்டியிருக்கே, எல்லாரும் பார்க்கிறாங்க. யாரும் உன்னைக் குறை சொல்ல மாட்டாங்க. ஒரு ஆள் கம்மியா ஆடிப் பார்க்கலாம்."

தள்ளுவது இல்லாவிட்டாலும், கோட்டுக்கு அவ்வளவு பக்கத்தில் ஒரு ஆள் குறைந்தால் பந்தோடு ஓடி வருகிறவளைத் தடுக்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும். ஆனால் அப்போது தோற்றால் பழி பீரோவின் மேல் விழாது. ரெக்கார்டு இருக்கிறது, பூ இருக்கிறது, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக நிமிர்ந்து நின்று எடுத்த போட்டோ இருக்கிறது. எழுந்து போய் உடைந்தாளென்றால் ஜென்மத்துக்கும் அவள் மல்லாக்கக் கிடந்தவள்தான். அவள் பயந்தாள். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே பயந்தாள். ஏதாவது வேடிக்கையாகச் சொல்லித் தப்பிக்கலாம் என்று வாயைத் திறந்தாள்.

"பூட்ஸ் எங்கடி?" என்றுதான் வந்தது.

பூட்ஸ் கூரைமேல். எல்லோரும் திருதிருவென்று விழித்தார்கள். அவள் காலளவுக்கு இன்னொரு பூட்ஸ் அந்த மைதானத்தில் கிடையாது, ஆண்கள் அறையிலும் கிடையாது. விஷயம் புரியாவிட்டாலும், மேலே இருப்பதைக் கீழே இறக்க வேண்டும் என்பது மட்டும் அண்ணனுக்குப் புரிந்தது. அது அவன் தொழில். எதிரே இருந்த பெயிண்ட் கடையில் ஏணி கேட்டு ஆட்களோடு தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். நர்ஸை ஸ்ட்ரெச்சரில் ஏற்றுவதற்குள் பூட்ஸ் இறங்கிவிட்டது. முடிச்சுதான் அவிழவில்லை. பலமாகப் போட்டவள் யார்? நர்ஸ் படுத்த வாக்கிலேயே, "என் பையில கத்தரிக்கோல் இருக்கு, வெட்டுங்க! பேண்டேஜ் துணியால கட்டுங்க!" என்று கத்தினாள். கட்டினார்கள். இரண்டு காலிலும் காயம் பட்டவள்போல பீரோ மைதானத்துக்குள் நடந்தாள். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அவளும் பதிலுக்குக் கையசைத்தாள்.

குனியும்போது எதிரே நின்றவளைப் பார்த்தாள். இவளைவிட இளசு, இவளைவிட அகலம். வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தாள், புதினா வாசனை அடித்தது. குனி, பிடி, மோது என்று நடுவரின் மூன்று கட்டளைகளும் வந்தன. மோதியதும் ஸ்க்ரம் சரிந்து எல்லோரும் மண்ணைக் கவ்வினார்கள். மறுபடி போடச் சொன்னார் நடுவர். இந்தமுறை பீரோவின் கால் சேற்றில் பின்னால் வழுக்கியது. முட்டிக்குள் எதுவோ கிழிகிற மாதிரி வலித்தது. பின்னால் கோடு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்காமலே தெரிந்தது. அவள் தாங்கினாள், அவ்வளவுதான். மறுபடியும் சரிந்தது. நடுவர் மறுபடியும் போடச் சொன்னார்.

மூன்றாவது தடவை அவள் தள்ளவே இல்லை. இடுப்பை இறக்கிக்கொண்டு, எதிராளியின் மொத்தக் கனத்தையும் தோளில் வாங்கிக்கொண்டு காத்திருந்தாள். கனமான சாமானை இரண்டு பேர் சேர்ந்து நகர்த்தும்போது, எதிர்ப்பக்கத்து ஆள் கால் மாற்றுகிற ஒரு நொடி வரும். அந்த நொடியில் கனம் லேசாகும். அவள் கழுத்தில் ரத்தம் திம்திம்மென்று இடித்தது. புதினா வாசனை ஒரு மூச்சு நின்று வந்தது. எதிரே இருந்தவள் காலை மாற்றினாள்.

"இப்போ!" என்று பீரோ கத்தினாள். அத்தனை வருஷத்தில் ஸ்க்ரமுக்குள் அவள் கத்தியது அதுதான் முதல் தடவை. பின்னால் இருந்த ஏழு பேரும் அந்தக் குரலுக்கே திடுக்கிட்டுத் தள்ளினார்கள். வலது ஓரம்தான் முதலில் நகர்ந்தது. முன்னால் நகர்ந்தது. எதிரே இருந்தவளின் முதுகு வளைந்து, தலை மேலே பிதுங்கி, அந்த அணி முழுவதும் பின்னால் போனது. விசில் ஊதினார் நடுவர். கை நம் பக்கம் நீண்டது, தப்பு அவர்களுடையது, பந்து நமக்கு. நேரம் ஏற்கெனவே முடிந்திருந்தது; நம் பெண் ஒருத்தி பந்தைக் காலால் தட்டி எடுத்து மைதானத்துக்கு வெளியே உதைத்தாள். ஆட்டம் முடிந்தது, அந்த இரண்டு புள்ளி அப்படியே நின்றது.

அப்புறம் என்ன, ஒரே கட்டிப்பிடிப்பு, அழுகை, கத்தல். மின்னல் ஓடி வந்து மேலே விழுந்த வேகத்தில், மிச்சமிருந்த முட்டியும் போய்விடும் போலிருந்தது. இரண்டாவது வழியனுப்பு விழாவுக்கு ஆளும் இல்லை, பூவும் இல்லை. பெஞ்சில் வைத்துவிட்டுப் போன பூங்கொத்தின் மேல் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். பூட்ஸை மறுபடி கூரைமேல் போடுவதா வேண்டாமா என்று கொஞ்சம் வாதம் நடந்தது. கயிறு இல்லாததால் விட்டுவிட்டார்கள். இரண்டு தடவை உள்ளே போனதற்கு இரண்டு ஆட்டமாக எழுதிக்கொள்ளச் சொல்லிப் பீரோ மின்னலை நச்சரித்துப் பார்த்தாள். நடக்கவில்லை.

சாயங்காலம் லாரியில் முன்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஆட்கள் இருவரும் பின்னால். அண்ணன் ஓட்டிக்கொண்டிருந்தான். கொஞ்சம் குற்றவுணர்வோடு இருமினான்.

"பாப்பா, கடைசியில எல்லாரும் ஏன் அப்படிக் கத்தினாங்க?"

"நீ பார்க்கலையா?"

"கடைக்காரர் கடையைப் பூட்டற நேரம்னு சொல்லியிருந்தாரு. இரவல் வாங்கின சாமானாச்சே. ஏணியைக் குடுத்துட்டு வரப் போனேன். வந்து பார்த்தா நீங்கள்லாம் அழுதுட்டு இருக்கீங்க. தோத்துட்டீங்களோன்னு நெனச்சு ஒரு ஓரமா நின்னுட்டேன். என்னதான் நடந்துச்சு?"

பீரோ வாயைத் திறந்தாள். வழக்கமாக இந்த இடத்தில் தன்னைத் தானே வாரிக்கொள்ள ஏதாவது ஒன்று தயாராக இருக்கும். இப்போது தேடியும் கிடைக்கவில்லை. பெருமையாக இருந்தது. தன்னைப் பற்றி அப்படி ஒரு நினைப்பு வந்ததும் அவளுக்குக் கூச்சமாகிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

"அவங்க தள்ளினாங்க. நாங்க அவங்களைப் பின்னால தள்ளிட்டோம். என் பக்கந்தான் முதல்ல நகர்ந்துச்சு."

"எத்தனை பேரு அவங்க?"

"எட்டுப் பேரு."

"எவ்வளவு தூரம்?"

"ரெண்டடி இருக்கும்ணா."

அண்ணன் லாரியை ஓரமாக நிறுத்தினான். ரக்பி அவனுக்குத் தெரியாது. கனம் தெரியும். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தச் சேத்துலயா? எதிர்த்துத் தள்ளுறவங்களை, ரெண்டடியா?"

"ஆமா."

அவன் கண்ணைத் துடைத்தான். துடைத்தும் நிற்கவில்லை. புறங்கையால் மறுபடி துடைத்தான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா பாப்பா," என்றான். "ஏணியை நாளைக்குக் குடுத்திருப்பேனே."